தைராய்டு: மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர் அறையில் கேட்க விட்டுப்போன கேள்வியெல்லாம் மருந்துக் கடை கவுண்டருக்குத்தான் வந்து சேரும். தைராய்டு மாத்திரை வாங்க வருபவர்கள் கேட்பது இன்னும் அதிகம், ஏனென்றால் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்து அது. மருந்தாளுநராக நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். எத்தனை மைக்ரோகிராம் என்று முடிவு செய்வது உங்கள் டாக்டர். அந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேர்கிறதா என்பது பெரும்பாலும் வீட்டில் முடிவாகிற விஷயம்.

தைராய்டு எங்க இருக்கு, என்ன வேலை செய்யுது?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி இருக்கிறது. எடை சுமார் 20 கிராம். உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வாய்க்குள் திறக்கும் குழாய் உண்டு. தைராய்டு போன்ற நாளமில்லாச் சுரப்பிகளுக்கு அது கிடையாது, சுரப்பதை நேரே ரத்தத்தில் விட்டுவிடும். மூளையின் அடியில் பிட்யூட்டரி, தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு நான்கு பாராதைராய்டுகள், சிறுநீரகங்களின் மேல் அட்ரீனல், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகள், சூலகம், விந்தகம் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

தைராய்டு முக்கியமாகச் சுரப்பது டி4 என்ற தைராக்ஸின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள். கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் அதிலிருந்து ஒரு அயோடின் கழன்று டி3 ஆகும்போதுதான் முழு வேகத்தில் வேலை நடக்கிறது. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு அசைய வேண்டும், உடம்பு எவ்வளவு சூடு உண்டாக்க வேண்டும், மாதவிலக்கு ஒழுங்காக வருமா, குழந்தையின் மூளை எப்படி வளரும் என எல்லாவற்றிலும் இதற்குக் கை உண்டு.

ரிப்போர்ட்ல டி.எஸ்.எச். கூடியிருக்கு. ஆனா டாக்டர் "தைராய்டு குறைவு"ங்கிறார். எது சரி?

இரண்டும் சரி. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பது அல்ல, பிட்யூட்டரி சுரப்பது. வேலை மந்தமானால் மேஸ்திரி குரலை உயர்த்துவது போல, ரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.ஸைக் கூட்டும். தைராக்ஸின் அதிகமானால் அடக்கி வாசிக்கும். தைராக்ஸினில் சிறிய மாற்றம் வந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும் என்பதால்தான் முதல் பரிசோதனையாக இதைப் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 0.4 முதல் 4 வரை இயல்பு. ஒவ்வொரு லேபின் எல்லையும் கொஞ்சம் மாறும். உங்கள் ரிப்போர்ட்டிலேயே பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

6.2 என்று பார்த்ததும் பதறி வருபவர்கள் நிறைய. டி.எஸ்.எச். 10-க்குக் கீழே, கூடவே ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் தைராக்ஸின்) இயல்பாக இருந்தால், பல டாக்டர்கள் உடனே மாத்திரை எழுதமாட்டார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள், கணிசமானவர்களுக்கு அது தானே இறங்கிவிடும். 70 வயது தாண்டியவர்களுக்கு டி.எஸ்.எச். லேசாகக் கூடுவது வயதின் போக்காகவே இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் கணக்கு வேறு, அதற்குத் தனியாகப் பதில் கீழே இருக்கிறது.

டி.எஸ்.எச்.ஸை மட்டும் நம்பக் கூடாத ஒரு சூழ்நிலை உண்டு. பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போய், பிறகு தாய்ப்பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல், எப்போதும் சோர்ந்தே கிடக்கும் பெண்ணுக்கு பிட்யூட்டரியே பழுதாகியிருக்கலாம். ஷீஹன் நோய்க்குறி என்பார்கள். மேஸ்திரிக்கே குரல் இல்லாதபோது டி.எஸ்.எச். இயல்பாகத் தெரியும், தைராக்ஸின் தரையில் கிடக்கும். இவர்களுக்கு அட்ரீனல் ஹார்மோனும் குறைந்திருக்கலாம். அதை முதலில் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரை ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. பிரசவத்தின்போது நிறைய ரத்தம் ஏற்றியிருந்தால், எத்தனை வருடம் கழிந்திருந்தாலும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

எனக்கு ஏன் வந்தது? பரம்பரையா?

உப்பில் அயோடின் கிடைக்கும் ஊர்களில் முதல் காரணம் ஹாஷிமோட்டோ நோய். 1912-இல் ஹக்காரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் விவரித்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைப் பகையாக நினைத்து அரித்துவிடும். ஆன்டி டி.பி.ஓ. என்ற பரிசோதனை இதைக் காட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம், குடும்பத்தில் தொடர்ந்தும் வரும். அறுவை சிகிச்சை, கதிரியக்க அயோடின், மனநோய்க்குத் தரும் லித்தியம், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் இவையும் காரணமாகலாம்.

அபூர்வ நோய் அல்ல. சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் பெரியவர்களிடம் எடுத்து 2013-இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது.

வாழ்நாள் முழுக்க மாத்திரையா? பழக்கமாகிவிடாதா?

ஹாஷிமோட்டோவில் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத்தான். பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி, வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் வலியுள்ள அழற்சி இரண்டிலும் பல பேருக்குச் சில மாதங்களில் தைராய்டு மீண்டுவிடும். உங்களுடையது எந்த வகை என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பழக்கமாகும் பயம் வேண்டாம். உள்ளே சுரக்க வேண்டிய அதே தைராக்ஸினைத்தான் லிவோதைராக்ஸின் என்ற பெயரில் வெளியிலிருந்து தருகிறோம். இது இல்லாத காலம் எப்படி இருந்தது என்பது மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடோர் கோஹர் என்ற அறுவை மருத்துவர் கழுத்துக் கழலைக்காகத் தைராய்டை முழுதாக எடுத்துவந்தார். கைத்திறனில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தபோது பலர் முகம் வீங்கி, பேச்சும் புத்தியும் மந்தமாகி இருந்தார்கள். 1883-இல் அதை மறைக்காமல் அவரே வெளியிட்டார். தைராய்டு பற்றிய பணிக்காக 1909-இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே, தைராய்டு குறைவால் முடங்கிக் கிடந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அந்தப் பெண் எழுந்து நடமாடி, அதன்பின் 28 வருடம் வாழ்ந்தார். 1914-இல் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார், 1927-இல் அது ஆய்வகத்திலேயே தயாரானது. இன்று நீங்கள் வாங்கும் லிவோதைராக்ஸின் மாத்திரை செயற்கையாகத் தயாரித்தது, ஆட்டிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்தது அல்ல.

மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்? காபி குடிச்சிட்டுச் சாப்பிடலாமா?

கூடாது. நம் வீடுகளில் டி.எஸ்.எச். இறங்காமல் நிற்பதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் காலைக் காபிதான். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மாத்திரை. பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம், டிகாஷனும் வேண்டாம், பாலும் வேண்டாம். காபியும் பாலின் கால்சியமும் மாத்திரையைக் குடலில் முழுதாகச் சேரவிடாது.

காபி இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டவே முடியாது என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழிந்தபின், படுக்கப்போகும்போது எடுத்துக்கொள்ளலாம். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. காலையா ராத்திரியா என்று டாக்டரிடம் சொல்லி ஒன்றை முடிவு செய்து, தினமும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்த எதிரி மற்ற மாத்திரைகள். வயதானவர்கள் காலையில் பிரஷர் மாத்திரை, கால்சியம், இரும்புச்சத்து, தைராய்டு எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கால்சியமும் இரும்பும் குடலுக்குள் தைராக்ஸினைப் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துக்கும் இதே இடைவெளி. அசிடிட்டிக்கு நாள்தோறும் பான்டோப்ரசோல் போடுபவர்கள் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், தைராய்டு டோஸ் கூட்ட வேண்டி வரலாம்.

பாட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிச்சமும் ஈரமும் இந்த மருந்தைக் கெடுக்கும். சமையலறை அடுப்பு மேடை, குளியலறை அலமாரி, வெயில் படும் ஜன்னல் விளிம்பு இதெல்லாம் வேண்டாம். மூடியை இறுக்கி, வந்த பாட்டிலிலேயே வையுங்கள். வாங்கும்போது எண்ணைப் படியுங்கள்: 12.5 என்பதும் 125 என்பதும் ஒன்றல்ல, புள்ளியைக் கவனிக்காவிட்டால் டோஸ் பத்து மடங்காகிவிடும். வேறு கம்பெனி மாத்திரைக்கு மாறினால் ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்ப்பது நல்லது.

ஒருநாள் மறந்துவிட்டால் பயப்பட வேண்டாம். இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். அன்றைக்கே நினைவு வந்தால் வயிறு காலியாக இருக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் எடுக்கிற அன்னைக்கு மாத்திரை போடலாமா?

ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கொஞ்சம் ஏறித் தெரியும். டி.எஸ்.எச். காலையில் கூடுதலாகவும் மதியம் குறைவாகவும் இருப்பது இயல்பு, அதனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே லேபில் கொடுங்கள். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பத்து நாளில் போய்ப் பார்ப்பது காசுக்குக் கேடு.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் கவனியுங்கள். சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.ஸைப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். உங்களுக்குத் தைராய்டு அதிகம் என்றே ரிப்போர்ட் வந்துவிடும். இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள்.

மாத்திரை போட்டும் எடை குறையலையே?

தைராய்டு குறைவால் ஏறும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பங்கு உப்பும் தண்ணீரும். டி.எஸ்.எச். சரியான பிறகும் 15 கிலோ கூடுதல் இருக்கிறதென்றால் அதற்குத் தைராய்டு பொறுப்பல்ல. எடை குறைப்பதற்காகத் தாங்களே டோஸைக் கூட்டிக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். தேவைக்கு மேல் தைராக்ஸின் போனால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், எலும்பு கரையும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு முறியும் அபாயம் கூடும்.

இதோடு தொடர்புள்ள ஒன்று. தைராய்டு குறைவு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். முதல் முறையாகக் கொலஸ்ட்ரால் அதிகம் என்று வந்தால் டி.எஸ்.எச்.ஸும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். தைராய்டைச் சரிசெய்தாலே அது இறங்குவது உண்டு.

முட்டைக்கோஸ், கம்பு, மரவள்ளி எல்லாம் விட்டுடணுமா?

வேக வைத்து, எல்லோரும் சாப்பிடுகிற அளவில் சாப்பிட்டால் எதையும் விட வேண்டாம். சூடானில் கம்பே தினசரி உணவாக இருந்த மக்களிடமும், காங்கோவில் மரவள்ளியே பிரதான உணவாக இருந்தவர்களிடமும் கழுத்துக் கழலை அதிகமாகக் காணப்பட்டது உண்மை. அயோடின் பற்றாக்குறையும் அங்கே சேர்ந்து இருந்தது. வாரத்தில் ஒருநாள் கம்பங்கூழ் குடிப்பவருக்கு அந்தக் கதை பொருந்தாது. சோயா உணவு, தைராய்டு மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும், அதற்கு இடைவெளி விட்டால் போதும்.

கல் உப்பு, இந்துப்பு நல்லதுன்னு மாத்திட்டோம். சரியா?

அந்தப் பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா, சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றியது சரியில்லை. கடலிலிருந்து வருவதால் உப்பில் தானாகவே அயோடின் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பிலும் இயல்பாக இருக்கும் அயோடின் பெயரளவுக்குத்தான். பொட்டாசியம் அயோடேட் கரைசலை உப்பின் மேல் தெளித்துக் கலந்தால்தான் அது அயோடின் உப்பு. இந்துப்புக்கும் இதே கதி.

இந்த உப்பின் பின்னால் நம் நாட்டின் பெரிய சாதனை ஒன்று இருக்கிறது. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை கழுத்துக் கழலையோடு திரிந்த காலம் உண்டு. 1956-இல் டாக்டர் ராமலிங்கசுவாமியின் குழு அந்தப் பகுதியைப் பிரித்து, ஓரிடத்தில் சாதாரண உப்பும் மற்ற இடங்களில் அயோடின் சேர்த்த உப்பும் கொடுத்துச் சில வருடங்கள் கவனித்தது. அயோடின் உப்புத் தின்ற ஊர்களில் கழலை பாதியளவுக்கு இறங்கியது. சாதாரண உப்பு ஊர்களில் அப்படியே நின்றது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்க இதுதான் வித்து.

கணக்கு எளிது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. 30 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 30 பங்கு) அயோடின் உள்ள உப்பில் 5 கிராமிலேயே அது கிடைத்துவிடும். ஆகவே உப்பைக் கூட்ட வேண்டாம், வகையைச் சரியாக எடுத்தால் போதும். ஹாஷிமோட்டோ உள்ளவர்களும் இந்த உப்பையே தொடரலாம். கடற்பாசி மாத்திரைகளைத்தான் தவிர்க்க வேண்டும், அவற்றில் அயோடின் அளவு கட்டுக்கடங்காது.

எனக்கு நேர்மாறா எடை குறையுது, கை நடுங்குது. இதுவும் தைராய்டா?

இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது, படபடப்பு, வியர்வை, வெயில் தாங்காமை, சிலருக்குக் கண் பிதுங்குவது இதெல்லாம் தைராய்டு அதிகமானதன் அடையாளம். பெரும்பாலும் கிரேவ்ஸ் நோய். டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் விவரித்தது. கண் பாதித்தவர்கள் சிகரெட்டை விட்டே ஆக வேண்டும், அது கண்ணை நேரடியாக மோசமாக்கும்.

தைராய்டு அதிகத்தை அடக்கும் கார்பிமசோல் மாத்திரை வாங்குபவர்களிடம் நான் ஒன்றை மட்டும் தவறாமல் சொல்வேன். காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றே ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு இந்த மருந்து வெள்ளை அணுக்களைத் துடைத்துவிடும். சாதாரணத் தொண்டை வலி என்று கஷாயம் குடித்துக் காத்திருந்தால் கை மீறிவிடும்.

கழுத்தில் கட்டி இருக்கு, ஆனா டி.எஸ்.எச். நார்மல்.

கட்டிக்கும் சுரப்புக்கும் எப்போதும் தொடர்பு இருக்காது. ஸ்கேன் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசியால் செல் எடுத்துச் சோதிப்பார்கள். தைராய்டுக் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் புற்று அல்ல. குரல் மாறினாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, கட்டி வேகமாக வளர்ந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

மருமகள் உண்டாகியிருக்கா, ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுறா. நிறுத்திடலாமா?

நிறுத்தவே கூடாது, கூட்ட வேண்டி வரும். முதல் மூன்று மாதம் கருவின் தைராய்டு வேலையைத் தொடங்கியிருக்காது. அந்த நேரத்தில் அதன் மூளை உருவாவதற்கான ஹார்மோன் முழுக்கத் தாயிடமிருந்து போக வேண்டும். மாத்திரை எடுக்கும் பெண்களில் பலருக்கு டோஸ் 25 முதல் 30 சதவீதம் கூடும். நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே டாக்டருக்குச் சொல்லுங்கள், முதல் ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம். ஐந்தாவது மாதம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்ப்பார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையும் கால்சியமும் அவசியம். அதே நான்கு மணி நேர இடைவெளி இங்கே இன்னும் முக்கியம். தாய்ப்பால் கொடுக்கும்போதும் இந்த மாத்திரையைத் தொடரலாம்.

குழந்தை நல்லாத்தானே பிறந்திருக்கு, அதுக்கு எதுக்குக் குதிகாலில் ஊசி?

தயவுசெய்து அந்தப் பரிசோதனையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இந்தியாவில் ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளில் ஒன்று தைராய்டு வேலை செய்யாமலே பிறக்கிறது. தாயின் ஹார்மோன் கொஞ்சம் கடந்து வந்திருப்பதால் பிறந்த அன்று பார்க்க நன்றாகவே இருக்கும். மஞ்சள் காமாலை நாள் கடந்தும் நீடிப்பது, பால் குடிக்கச் சோம்புவது, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, நாக்கு தடித்திருப்பது, தொப்புள் பிதுங்குவது எல்லாம் வாரங்கள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் மூளை இழந்த நாட்கள் திரும்பாது.

பிறந்து மூன்றாவது நாள் வாக்கில் குதிகாலின் ஓரத்தில் ஒரு குத்து, வடிகட்டித் தாளில் வரைந்த வட்டங்களில் சில சொட்டு ரத்தம். காயவைத்து லேபுக்கு அனுப்புவார்கள். சில மருத்துவமனைகளில் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்க்கிறார்கள். பிறந்த முதல் இரண்டு நாளில் டி.எஸ்.எச். இயற்கையாகவே எகிறும் என்பதால்தான் குதிகால் ரத்தத்துக்கு இந்தக் காத்திருப்பு. கனடாவின் கியூபெக்கில் 1974-இல் தொடங்கிய முறை இது. நம் நாட்டில் எல்லா மருத்துவமனைகளிலும் தானாகச் செய்வதில்லை, அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் முன் நீங்களே கேளுங்கள். ரிப்போர்ட் வந்ததா என்றும் விடாமல் கேளுங்கள், அலமாரியில் தூங்கும் ரிப்போர்ட்டால் குழந்தைக்குப் பயனில்லை.

குறைபாடு உறுதியானால் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படிக்கும், ஓடும். மாத்திரையை ஒரு சிறு கரண்டியில் பொடித்து, சில சொட்டுத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து அப்போதே புகட்டிவிடுங்கள். பால் பாட்டில் முழுக்கக் கலக்கிவிட்டு, குழந்தை பாதியில் நிறுத்தினால் பாதி மருந்து பாட்டிலிலேயே தங்கிவிடும். மூன்று வயதுக்குப் பிறகு டாக்டர் சில குழந்தைகளுக்கு ஒரு மாதம் போல மருந்தை நிறுத்தி மறுபடி ரத்தம் பார்ப்பார். அப்போது தைராய்டு தானே வேலை செய்வதாகத் தெரிந்தால் மாத்திரை அத்தோடு முடிந்தது. அதுவரை ஒருநாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.